டப்பாவில் ஏறிப்போன பத்தியம்

1965 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை. 5.10 எழுந்தேன். 5.20 குழந்தைக்குப் பால், 38 நிமிடம். 6.05 பால் பூத் வரிசை, இரண்டு பாட்டில். 6.40 காபி (எனக்கு மட்டும் பாலும் சர்க்கரையும் இல்லாமல்). 7.00 குழந்தைத் துணி பதினொன்று அலசி உலர்த்தியது. 8.10 அவருக்குச் சாப்பாடு. 8.35 அவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். 8.45 டப்பா கட்டியது. 9.00 குழந்தைக்குப் பால், 41 நிமிடம். 9.42 கோண்டிபா வந்து டப்பாவை எடுத்துப் போனார். 9.45 இசக்கி வந்தாள். 9.55 காய் வாங்கக் கிளம்பினேன்.

அவ்வளவுதான். அதற்குக் கீழே அன்றைய பக்கம் காலியாக இருக்கிறது.

பன்னிரண்டு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். டைபாய்டு வந்த வாரத்திலும் எழுதினேன். கல்யாணத்தன்று எழுதினேன் (முகூர்த்தம் ஆறு நிமிடம் தாமதம்). பிரசவத்தன்றுகூட வலி எடுத்த நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் மாமியாரை எழுப்பினேன். பாதியில் விட்ட பக்கம் இது ஒன்றுதான். வெட்கத்தில் விட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து, செம்பூர் வீட்டில் அலமாரியை ஒழிக்கும்போது அந்த டைரி கையில் கிடைத்தது. எனக்கும் ஐம்பது வயதாகிவிட்டது. இனியும் வெட்கப்பட்டு என்ன ஆகப் போகிறது? நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாதம் ஐந்தாம் தேதியிலிருந்து, என் மாமியார் எனக்காகச் சமைத்த பிரசவப் பத்தியச் சாப்பாட்டை நான் சாப்பிடவில்லை. என் கணவருக்கு டப்பாக்காரர் தினமும் கொண்டுபோகிற சாப்பாட்டு டப்பாவில் வைத்து ஆபீசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

காரணம் சொல்கிறேன். நான் பம்பாயில் கோட்டைப் பக்கம் ஒரு துணி ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்ட். உஷா பிறந்ததும் எடுத்த லீவு டிசம்பர் ஆறாம் தேதியோடு முடிகிறது. அக்டோபர் கடைசியில் ஆபீசிலிருந்து ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். உள்ளே தூளியில் உஷா தூங்கிக்கொண்டிருந்தாள். வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகவும் அன்பாக, "எப்போ டேட் குடுத்திருக்கா?" என்று கேட்டாள்.

அவள் போனதும் அலமாரியைத் திறந்தேன். ஆபீசுக்குப் போட்டுப் போகிற ரவிக்கைகள் ஆறு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்றும் முழங்கைக்கு மேலே ஏறவில்லை. நான்காவது ஏறியது, இறங்கவில்லை. மாமியாரைக் கூப்பிட வெட்கப்பட்டு, கையைத் தூக்கியபடி கால் மணி நேரம் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றேன், போலீஸ்காரரிடம் சரணடைந்தவள் மாதிரி.

கீழ் வீட்டில் இருந்து ஒரு ஆங்கிலப் பெண்கள் பத்திரிகை வாங்கி வந்தேன். அதில் முப்பது நாளில் இடை மெலிய ஓர் அட்டவணை இருந்தது. அட்டவணை என்றால் எனக்கு உயிர். காலையில் எலுமிச்சைச் சாறு. மத்தியானம் வெள்ளரிக்காயும் வேகவைத்த கோஸும். இரவு மோர். கடைசி வரியில், சின்ன எழுத்தில், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதைப் பின்பற்றக் கூடாது என்று போட்டிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். படித்தேன். ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். அதற்குப் பிறகுதான் மறுநாள் வெள்ளரிக்காய் வாங்கினேன்.

சிக்கல் என்னவென்றால் என் மாமியார். அவர் எனக்கு ஒரு குறையும் வைக்காதவர். தினமும் விடியற்காலையிலேயே குளித்துவிட்டு எனக்கென்று தனியாக உலை வைப்பார். அங்காயப் பொடிச் சாதத்தில் நெய் குளம் கட்டி நிற்கும். பூண்டை நெய்யில் வதக்கி ஒரு குழம்பு. அதோடு எலுமிச்சங்காய் அளவுக்குப் பிரசவ லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, வெல்லம், நெய் எல்லாம் சேர்த்து அரை நாள் அடுப்படியில் நின்று கிளறியது. பால் ஊறுவதற்கும் இடுப்பு பலத்துக்கும். எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, "சூடு ஆறறதுக்குள்ள சாப்ட்டுடுடி கமலா" என்று சொல்லிவிட்டு எட்டே முக்காலுக்குப் பூஜையில் உட்காருவார். எழுந்திருக்க ஒன்பதரை ஆகும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் சமையலறையில் நானும் நாலடுக்கு டப்பாவும் மட்டும். சாதத்தைக் கீழே கொட்டுவது பாவம். ரேஷன் அரிசிக்காக அந்த வருஷம் பம்பாயே வரிசையில் நின்றது. ஆகவே மேலடுக்கில் என் சாதத்தை அமுக்கி வைத்து அதன்மேல் லேகியத்தை உருட்டி வைத்தேன். என் தட்டில் கொஞ்சம் ரசத்தைத் தடவி, நாலு கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கி, சாப்பிட்ட தட்டு மாதிரி ஜோடித்துவிட்டுக் கழுவப் போட்டேன். (அந்தக் கறிவேப்பிலை யோசனைக்காக அப்போது எனக்கு என்மேல் ஒரே பெருமை.)

இரவுச் சாப்பாட்டுக்கு நாடே கை கொடுத்தது. உணவுப் பஞ்சத்துக்காகத் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை எல்லாரும் விட்டுவிட வேண்டும் என்று பிரதமர் கேட்டிருந்த காலம் அது. நான் திங்களோடு செவ்வாய், வியாழன் இரவுகளையும் நாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். "கொழந்தை பெத்தவளையுமா பட்டினி கிடக்கச் சொல்லிருக்கா?" என்று மாமியார் கேட்டார். "மோர் குடிச்சேம்மா, வயறு ரொம்பிடுத்து" என்றேன்.

என் கணவர் சேஷு சாதுவான மனிதர். தட்டில் எது விழுகிறதோ அதைச் சாப்பிடுவார், டப்பாவில் எது வருகிறதோ அதையும். ஒரு நாள்கூட வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட ஆரம்பித்திருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்ததெல்லாம் என் எடையை மட்டும்தான். அப்போது நாங்கள் குடியிருந்த மாட்டுங்காவின் ஸ்டேஷன் வாசலில், டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில், சிவப்பு விளக்கு வைத்த எடை மெஷின் ஒன்று நின்றது. காசைப் போட்டால் உள்ளே சக்கரம் சுற்றி, எடை அச்சடித்த அட்டை டிக்கெட் ஒன்று தொப்பென்று விழும். பின்பக்கம் ஜோசியம். ஐந்தாம் தேதி அறுபத்தொன்றரை கிலோ. இருபத்திரண்டாம் தேதி ஐம்பத்தேழரை. எல்லா டிக்கெட்டையும் டைரியில் தேதிவாரியாக ஒட்டியிருக்கிறேன்.

அதே டைரியில், அதே பக்கங்களில், உஷா பால் குடித்த நேரமும் இருக்கிறது. ஐந்தாம் தேதி 20 நிமிடம், 22 நிமிடம். பத்தாம் தேதி 27. பதினெட்டாம் தேதி 36. குடித்து முடித்தும் அழுதாள் என்று நானே எழுதியிருக்கிறேன், அழகான கையெழுத்தில். கொஞ்சமும் யோசிக்காமல்.

யோசித்தவள் இசக்கி. உஷாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட தாராவியில் இருந்து தினமும் நடந்து வருவாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என் வயதுதான். அவளுக்கும் எட்டு மாதத்தில் ஒரு பையன் இருந்தான். அவனை அக்காவிடம் விட்டுவிட்டு வருவாள். குளியலறையில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் குழந்தையைக் குப்புறப் போட்டு, உருவிக்கொண்டே பேசுவாள். பதினேழாம் தேதி சொன்னாள்:

"யக்கா, பிள்ள தொடையில ஒரு மடிப்பு கொறஞ்சிட்டு."

"எண்ணெய்க் கையில அப்படித்தான் தெரியும்" என்றேன்.

"எண்ணெ நேத்தும் இருந்துதுல்லா? மூணு மடிப்பு இருந்த எடத்துல ரெண்டுதான் கைல நிக்குது. நீங்க என்ன சாப்பிடுதீய?"

"எல்லாம் சாப்பிடறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மொகத்தப் பாத்தா சாப்பிட்ட மொகமா தெரியலியே" என்றாள். நான் டைரியில் எழுதினேன்: 'இசக்கி அதிகம் பேசுகிறாள்.'

இனி அந்தக் காலிப் பக்கம்.

9.55-க்கு, உஷாவை இசக்கியின் முழங்காலில் விட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முந்தின இரவு சாப்பிடவில்லை. காலையில் எலுமிச்சைச் சாறு. காய் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடக்கும்போது கட்டடங்கள் லேசாக மூச்சு விடுவது போல் இருந்தது. அதை மெலிவின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷன் வாசலில் டப்பாக்காரர்கள் தலையில் சுமந்து வந்த நீளப் பலகைகளை இறக்கி, எந்த டப்பா எந்த ரயிலுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூடிமேல் வர்ணத்தில் போட்ட குறிகளைப் பார்த்தே பிரிப்பார்கள். எங்கள் டப்பாவுக்கு ஒரு பச்சை வட்டமும் அதன்மேல் ஒரு கோடும்.

மெஷின்முன் என் வழக்கமான ஏற்பாடுகளைச் செய்தேன். கூடையைக் கீழே வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். வளையல்களைக் கழற்றிக் கூடைக்குள் போட்டேன். கொண்டை ஊசிகள் நான்கையும் உருவினேன் (சிரிக்க வேண்டாம், நான்கு ஊசியும் எடைதானே). தலைமுடி அவிழ்ந்து தொங்க, வெறுங்காலோடு மேலே ஏறிக் காசைப் போட்டேன். சக்கரம் சுற்றியது. டிக்கெட் விழுந்தது. ஐம்பத்தேழு! ஜோசியத்தைப் படிக்கலாம் என்று திருப்பினேன். டிக்கெட் திரும்பவில்லை, ஸ்டேஷன் திரும்பியது.

கண் திறந்தபோது மெஷினின் அடிப்பலகையில் சாய்ந்து கிடந்தேன். என்னைச் சுற்றி முழங்கால்கள். மாட்டுங்காவில் யாருக்காவது மயக்கம் வந்தால் வைத்தியருக்குப் பஞ்சமில்லை. ஒருவர் என் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். ஒரு குஜராத்தி அம்மாள் தன் கூடையில் இருந்து வெங்காயத்தை எடுத்து நசுக்கினார். இன்னொருவர் தன் செருப்பையே கழற்றி என் மூக்குக்கு அருகில் கொண்டு வந்தார். தமிழ்க்குரல் ஒன்று பின்னாலிருந்து, "தள்ளுங்கோ, காத்து விடுங்கோ! பாத்தாலே தெரியலையா? பிள்ளத்தாச்சி!" என்றது.

நாலரை கிலோ இறக்கியும் பிள்ளத்தாச்சி! மறுபடி மயக்கம் போட்டிருப்பேன். அந்தச் செருப்பு விடவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோண்டிபா வந்தார். எங்கள் தெருவின் டப்பாக்காரர். வெள்ளைத் தொப்பி, நரைத்த மீசை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் எங்கள் வாசலில் "அம்மா, டப்பா!" என்ற இரண்டு வார்த்தைத் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசாதவர்.

"அரே, யே தோ மேரா கர் ஹை!" என்றார். இது என் வீடு என்று அர்த்தம். அவருக்கு மனிதர்களை டப்பாவை வைத்துத்தான் தெரியும். குனிந்து என் முகத்தைப் பார்த்து, "பாயி, கானா காயா?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா ஆமாம் என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் திரும்பிப் போய்ப் பலகையில் இருந்து பச்சை வட்ட டப்பாவை உருவி எடுத்து வந்தார். மற்ற டப்பாக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தார். மராத்தியில் ஏதோ வாக்குவாதம். வழியில் டப்பாவைத் திறப்பது என்பது அவர்கள் தொழிலில் கேட்டிராத காரியம் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். கோண்டிபா கையை உதறினார். கொக்கியைத் தட்டித் திறந்தார்.

மேலடுக்கில் அங்காயப் பொடிச் சாதம். நெய் இன்னும் உறையவில்லை. நட்டநடுவில் லேகியம், கோபுரத்துக் கலசம் மாதிரி.

ஒரு கவளம் உருட்டி, "மூ கோலோ" என்று வாயைத் திறக்கச் சொல்லி அதட்டினார். திறந்தேன். ஊட்டினார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என் கணவர் எனக்கு ஊட்டியதில்லை. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் டப்பாக்காரர் ஊட்டினார். ஐந்தாவது கவளத்தில் டப்பாவை அவர் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டேன். லேகியத்தை விழுங்கினேன். இரண்டாம் அடுக்கைத் திறந்து சாம்பார் சாதம் சாப்பிட்டேன். மூன்றாம் அடுக்கில் உருளைக்கிழங்குக் கறி. நான்காவதில் தயிர் சாதம், வடுமாங்காய். கூட்டம் கலையாமல் பார்த்தது. செருப்புக்காரர், "பாவம், ரெண்டு பேருக்குச் சாப்பிடணும் இல்ல?" என்று பக்கத்தில் நின்றவரிடம் இந்தியில் சொன்னார்.

வயிறு நிறைந்ததும் புத்தி வந்தது. ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்றே கால். உஷா பதினொன்றுக்குப் பால் குடிப்பவள். அந்த நேரம் தாண்டினால் வழக்கமாக என் ரவிக்கை நனைந்துவிடும். எத்தனை முறை அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

இந்த இடத்தில் வேடிக்கையாக எழுத எனக்கு இப்போதும் ஒன்றும் வரவில்லை. எழுந்து நடந்தேன். கோண்டிபா தன் பலகையைக் கூட்டாளிகளிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு கையில் என் கூடையும் மறு கையில் காலி டப்பாவுமாகப் பின்னாலேயே வந்தார். செருப்பை மெஷினிடமே விட்டுவிட்டேன் என்பது வீட்டுப் படியேறும்போதுதான் தெரிந்தது.

வீட்டில் அழுகைச் சத்தம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. உள்ளே ஓடினேன். தூளிக்குப் பக்கத்தில் சுவரோரமாக இசக்கி உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்குள் உஷா. ஒரு குட்டிக் கை மட்டும் வெளியே வந்து இசக்கியின் தாலிக் கயிற்றை இறுகப் பிடித்திருந்தது. குடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள். "ஏசுனா பொறவு ஏசுங்க. கத்திக் கத்தித் தொண்ட கட்டிப் போச்சு பிள்ளைக்கு. மாமி சீனித் தண்ணி குடுத்தாவ, துப்பிட்டா. பசும்பால் குடுத்தாவ, கக்கிட்டா. மாமிகிட்ட கேட்டா வேண்டாம்னுருவாவன்னு கேக்காமலே குடுத்துட்டேன்."

"அம்மா எங்கே?"

"காக்காய்க்குச் சோறு வைக்காவ."

பால்கனியில் என் மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கைப்பிடிச் சுவர்மேல் சாதம் குவிந்து கிடந்தது. காக்கைகள் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தன. தாராவிக்காரி தன் பேத்திக்குப் பால் கொடுப்பதை அவர் அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பார்க்காமல் இருந்துவிட்டார். அதற்கு அவருக்கு மூன்று தடவை காக்கைக்குச் சாதம் போட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் இசக்கிக்கென்று குளியலறை ஜன்னலில் தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தோம். ஒழுங்காக எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும்.

வாசலில் நின்ற கோண்டிபா, தான் பெரிய குற்றம் செய்தவரைப் போல், டப்பாவைத் திறந்த கதையை அரைகுறை இந்தியில் மாமியாரிடம் சொன்னார். மாமியார் டப்பாவை வாங்கினார். மேலடுக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்த லேகியத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது எப்படிடி இதுக்குள்ள வந்துது?"

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணை, வெள்ளரிக்காய், கறிவேப்பிலை, ரவிக்கை வரை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"நான் சமைச்சது பிடிக்கலேன்னா சொல்லப்படாதாடி? மாத்திப் பண்ணிருப்பேனே."

"பிடிச்சுதும்மா. அதான் பயமா இருந்துது."

"உடம்பு எங்க ஓடிப் போறது? மெதுவா எறங்கும். பால் போச்சுன்னா யார்கிட்டே போய் நிப்பே?" என்றவர், பேச்சை நிறுத்திவிட்டு இசக்கியைப் பார்த்தார். எழுந்து சமையலறைக்குள் போனார். இரண்டு டம்ளரில் காபியோடு வந்தார். இரண்டும் எங்கள் வீட்டு வெள்ளி டம்ளர்கள், என் சீர்வரிசையில் வந்தவை. ஒன்றை கோண்டிபாவிடமும் ஒன்றை இசக்கியிடமும் கொடுத்தார். "சூடா இருக்கு, கொழந்தைமேல கொட்டிக்காதே" என்று இசக்கியிடம் சொன்னார். (எனக்குக் காபி இல்லை. தண்டனை என்று நினைக்கிறேன்.)

பூகம்பம் அதோடு முடியவில்லை. இரண்டரை மணிக்கு வாசலில் டாக்சி நின்றது. என் கணவர் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார். பின்னாலேயே அவர் ஆபீஸ் நண்பர் தேஷ்பாண்டே. இருவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"யாருக்கு என்ன ஆச்சு? கொழந்தை எங்கே?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைடா. நீ ஏன் இப்படி ஓடி வரே?" என்றார் மாமியார்.

"டப்பா வரலியே!" என்றார், அழாக்குறையாக.

அவர் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து டப்பா வராத நாள் கிடையாது. மழையில் ரயில் நின்ற நாளிலும் வந்தது. ஒரு மணிக்கு வரவில்லை என்றதும் ஆபீசில் எல்லாரும் கூடிவிட்டார்களாம். டப்பா வரவில்லை என்றால் வீட்டில் ஏதோ விபரீதம் என்று முடிவு கட்டி, தேஷ்பாண்டேயைத் துணைக்குக் கொடுத்து டாக்சியில் ஏற்றிவிட்டார்களாம்.

மாமியார் விஷயத்தைச் சொன்னார். என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ அந்த உருண்டை எனக்கு இல்லையா?" என்றார்.

"உனக்கெதுக்குடா பிரசவ லேகியம்?"

"நான் எளச்சுப் போயிட்டேன்னு நீ பண்ணி அனுப்பறேன்னு நெனச்சேன். நன்னா இருந்துது. ஆபீஸ்ல எல்லாருக்கும் கிள்ளிக் குடுத்தேன்."

"எல்லாருக்குமா?"

"அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பூரா. மானேஜருக்கு வாயுத் தொல்லை சரியாப் போயிடுத்து. தேஷ்பாண்டே ரெண்டு கிள்ளு கேட்டு வாங்கிப்பான்."

தேஷ்பாண்டேக்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் அடிபட்டதும் என்ன விஷயம் என்று கேட்டார். என் கணவர் ஆங்கிலத்தில் விளக்கினார். தேஷ்பாண்டே மெதுவாகத் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, இவ்வளவு தூரம் வந்ததுதான் வந்தோம், செய்முறையை எழுதிக் கொடுத்தால் தன் மனைவிக்கு உபயோகமாக இருக்கும் என்று மாமியாரைக் கேட்டார். அந்த வீட்டில் அன்று முதலில் சிரித்தவள் இசக்கி. உஷா பதறி விழித்து ஏப்பம் விட்டாள்.

சாயங்காலம் மாமியார் என் ஆறு ரவிக்கைகளையும் எடுத்து வரச் சொன்னார். உள்பக்கம் திருப்பினார். எல்லாவற்றிலும் இரண்டு விரற்கடைத் துணியை உள்ளே மடித்துவிட்டுத்தான் டெய்லர் தைத்திருந்தார். எல்லா டெய்லரும் அப்படித்தான் தைப்பார்கள். பத்தொன்பது நாள் பட்டினி கிடந்தவளுக்கு ஒரு ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. மாமியார் பிளேடால் தையலைப் பிரித்தார். ஆறு ரவிக்கைக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆனது.

என் லீவை ஜனவரி வரை நீட்டிக்கொண்டேன். எடை இறங்கத்தான் செய்தது. உஷா தவழ்ந்து, எழுந்து, வீடு முழுக்க ஓட ஆரம்பித்த பிறகு அவள் பின்னால் ஓடி ஓடி இறங்கியது. அதற்கு டிக்கெட் எதுவும் எடுக்கவில்லை. கோண்டிபா அதற்குப் பிறகும் எட்டு வருஷம் வந்தார். டப்பாவை எடுக்கும்போது "அம்மா, டப்பா!" என்பதோடு, என்னைப் பார்த்து "கானா காயா?" என்றும் கேட்பார். நான் பதில் சொன்ன பிறகுதான் படி இறங்குவார்.

வீட்டில் இந்தக் கதைக்கு உரிமை என் கணவருடையது. உஷாவுக்குப் பரீட்சையில் முதல் மார்க் வந்தாலும், பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் பரிசு வந்தாலும், "வராம இருக்குமா? அவளுக்காக நான் பதினஞ்சு நாள் பத்தியம் சாப்ட்டிருக்கேன்" என்பார். போன வருஷம் அவள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சொன்னார். மாப்பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தார். இசக்கி அப்போது முன் வரிசையில் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் மகன். "நீரு சாப்பிட்டீரு, நான்லா பால் குடுத்தேன்!" என்றாள் மண்டபத்துக்கே கேட்கும்படி. அவள் அதிகம் பேசுகிறவள்தான். இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறாள். அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "ரெண்டு மூணு நாளு நல்லா சாப்பிட்டு, பிள்ளயச் சப்ப விட்டுக்கிட்டே இருங்க. திரும்ப ஊறிரும். அதுவரைக்கும் காலம்பற பசிக்கு எங்கிட்ட கொண்டாந்துருங்க. எனக்கு விடிஞ்சா பைப்புல தண்ணி பிடிக்கணும், வர முடியாது."

நவம்பர் 24, புதன்கிழமை. காலையில் முதல் வேலையாக, பால் பூத்துக்குக்கூடப் போகாமல், உஷாவைத் தோளில் போட்டுக்கொண்டு தாராவிக்கு நடந்தேன். மாமியார், "வழி தெரியாம எங்கயாவது போய் நிப்பே" என்று கூடவே வந்தார். அவருக்கும் வழி தெரியாது. மூன்று பேரிடம் கேட்டுத் தண்ணீர்க் குழாய் வரிசையைத் தாண்டி, ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்தில், இசக்கியின் வீட்டைக் கண்டுபிடித்தோம். இசக்கி உஷாவை வாங்கி ஒரு பக்கம் போட்டுக்கொண்டாள். மறுபக்கத்தில் அவள் பையன் ஏற்கெனவே இருந்தான். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டே குடித்தன.

"அந்தச் சட்டில கஞ்சி இருக்கு. நீங்களே ஊத்திக்கிடுங்க" என்றாள் இசக்கி. "பயப்படாதீய மாமி, கருவாட்டுச் சட்டிய அடுத்த வீட்டுல கொண்டு வச்சிட்டேன்."

நான் ஊற்றிக் குடித்தேன். இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டேன். மாமியார் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புப் போறலை" என்றார்.

"போட்டுக்கிடுங்க மாமி, பரண்ல இருக்கு" என்றாள் இசக்கி.

என் மாமியார் எழுந்து, எக்கி, உப்பு டப்பாவை எடுத்தார்.